போதாமைக்கு எத்தனை பெயர்கள்!

மக்ரிபுக்குப் பின் ஓத வரும் பிள்ளைகள் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் கையோடு கொண்டுவருவது வழக்கம். ஓதி முடித்த பின், இஷாவுக்கு பாங்கு சொல்லும் வரை கிடைக்கும் சிறிது நேரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொள்வார்கள். அப்படியொரு மாலையில், பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி ஆங்கில-தமிழ் அகராதி ஒன்றை என் முன்னே கொண்டுவந்து வைத்தாள். 'ஸ்கேர்சிட்டி', 'ஷார்ட்டேஜ்', 'டெஃபிசிட்', 'டெஃபிஷியன்சி', 'இன்சஃபிஷியன்சி', 'டெர்த்' என ஆறு சொற்களை அவள் அடிக்கோடிட்டிருந்தாள். ஆறுக்கும் எதிரே அகராதி தந்திருந்த பொருள் ஒன்றே: பற்றாக்குறை!

"எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்தான் என்றால் இத்தனை வார்த்தைகள் எதற்கு ஹஜ்ரத்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. ஆனால் அவள் கேட்க வந்தது அது மட்டுமன்று. தயங்கித் தயங்கி ஏழாவது சொல் ஒன்றையும் காட்டினாள். அது அகராதியில் இல்லை. அவளுடைய தேர்ச்சி அட்டையில் இருந்தது. ஆங்கில ஆசிரியை சிவப்பு மையால் 'இன்னடிக்வெட் பிரிபரேஷன்' என்று எழுதியிருந்தார். அவளுடைய அத்தா அகராதியைப் புரட்டி, 'இன்னடிக்வெட்' என்பதற்குத் 'தகுதியற்ற' என்னும் பொருளைக் கண்டுபிடித்து, "தகுதி இல்லை என்று டீச்சரே எழுதிவிட்டார், பத்தாவதோடு போதும்" என்று முடிவு செய்துவிட்டாராம்.

ஒரு சொல்லுக்குப் பொருள் தவறினால் ஒரு பெண்ணின் படிப்பே நின்றுவிடும் நிலை! அன்று அவளுக்கு நான் அவசரமாகச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் இருப்பது வெறும் ஆடம்பரத்துக்காக அன்று. 'போதவில்லை' என்று ஒருவர் சொன்னவுடன் எழக்கூடிய கேள்விகள் பல. எது போதவில்லை? எதற்குப் போதவில்லை? யாருக்குப் போதவில்லை? யாரால் போதாமல் போயிற்று? ஒவ்வொரு சொல்லும் இவற்றுள் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது. நம் தமிழிலும் தட்டுப்பாடு, குறைபாடு, பற்றாக்குறை, பஞ்சம், வறட்சி, வறுமை எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு. அவற்றைப் பகுத்து வழங்காமல் எல்லாவற்றையும் ஒரே குடத்தில் கொட்டியது அகராதிகளின் குறையே தவிர, தமிழின் குறையன்று.

அரிதா? தட்டுப்பாடா?

முதலில் 'ஸ்கேர்ஸ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலத்தீன் மொழியில் 'பறித்தெடுக்கப்பட்டது' என்னும் பொருள் தரும் சொல், பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி ஆங்கிலத்துக்கு வந்தது. பறித்தெடுத்த பின் எஞ்சுவது குறைவுதானே! ஒரு நூலிலிருந்து எடுத்தாளும் பகுதியை 'எக்ஸர்ப்ட்' என்கிறார்களே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான்.

பொருளாதாரப் பாடத்தில் இச்சொல்லுக்குத் தனியிடம் உண்டு. 1932ஆம் ஆண்டு லயனல் ராபின்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர், பல வழிகளில் பயன்படக்கூடிய அரிய சாதனங்களுக்கும் மனிதனின் நோக்கங்களுக்கும் உள்ள உறவை ஆராய்வதே பொருளாதாரம் என இலக்கணம் வகுத்தார். அவர் கருத்தில் 'ஸ்கேர்சிட்டி' என்பது ஏழையின் நிலை மட்டுமன்று. கோடீசுவரனுக்கும் ஒரு நாளில் 24 மணி நேரந்தான். ஒரு மணி நேரத்தை வியாபாரத்துக்குச் செலவிட்டால் அதே மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குத் தர இயலாது. ஆகவே 'ஸ்கேர்சிட்டி' என்பது என்றும் உள்ள அருமை. அதை ஒழிக்க முடியாது.

'ஷார்ட்டேஜ்' என்பது அப்படியன்று. அது வரும், போகும். நடப்பு விலையில் வாங்க வருவோர் கேட்கும் அளவுக்குச் சரக்கு கிடைக்கவில்லை என்றால் அது 'ஷார்ட்டேஜ்'. நம் மளிகைக் கடைக்காரர் 'தட்டுப்பாடு' என்கிறாரே, அதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 ஜனவரியில், பிரிட்டனில் சர்க்கரை, வெண்ணெய் முதலியவற்றுக்குப் பங்கீடு வந்தது. ரொட்டிக்கோ போர் முடிந்த பிறகு, 1946இல்தான் பங்கீடு வந்து, 1948 வரை நீடித்தது. 1954 ஜூலையில் உணவுப் பங்கீடு முற்றிலும் நீங்கியது. தட்டுப்பாடு தொடங்கிய நாளும் முடிந்த நாளும் குறித்து வைக்கக்கூடியவை. வைரத்துக்கோ அப்படியொரு நாள் இல்லை. வைரம் அரிது, ஆனால் பணம் கொடுத்தால் கடையில் கிடைக்கும். எனவே அது 'ஸ்கேர்ஸ்', 'ஷார்ட்டேஜ்' அன்று.

ஓர் எழுத்து செய்யும் வேலை

தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு நுட்பத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'ஃப்யூ' என்பதற்கும் 'எ ஃப்யூ' என்பதற்கும் என்ன வேறுபாடு? 'லிட்டில்', 'எ லிட்டில்' என்பவை எவ்வாறு வேறுபடும்? முன்னது எண்ணக்கூடியவற்றுக்கும் பின்னது அளக்கக்கூடியவற்றுக்கும் வரும் என்பது பாடப்புத்தகத்திலேயே உண்டு. முக்கியமானது முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்து.

குடத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து, "கொஞ்சம் இருக்கிறது" என்கிறோம். அதே தண்ணீரைப் பார்த்து, "கொஞ்சமே இருக்கிறது" என்றும் சொல்கிறோம். தண்ணீரின் அளவு மாறவில்லை. முதல் வாக்கியத்தில் நிம்மதி, இரண்டாவதில் கவலை. தமிழில் ஏகாரத்தைச் சேர்த்துக் கவலையைக் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் 'எ' என்னும் எழுத்தை எடுத்துவிட்டுக் கவலையைக் காட்டுகிறார்கள். 'எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் சில நண்பர்கள் உண்டு. 'ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள எவருமே இல்லாத குறை.

'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' என்பவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறான். 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அவன் உழைப்பதே இல்லை எனலாம். மகனைப் புகழ்ந்து விண்ணப்பம் எழுதும் தந்தையர் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடாதிருப்பது நலம்!

கணக்கில் குறைவு, உடம்பில் குறைவு

'டெஃபிசிட்', 'டெஃபிஷியன்சி' இரண்டும் உடன்பிறந்தவை. 'டெஃபிசிட்' என்பது இலத்தீனில் பெயர்ச்சொல்லே அன்று; 'குறைகிறது' என்னும் வினைமுற்று. சரக்குப் பட்டியல்களில், இருக்க வேண்டிய பொருள் இல்லாதபோது அதன் எதிரே இச்சொல்லை எழுதுவார்களாம். பட்டியலில் தொடங்கியதால் இன்றும் அது பெரும்பாலும் கணக்கேட்டை ஒட்டியே வழங்குகிறது. வரவைச் செலவு மிஞ்சினால் அந்த இடைவெளி 'டெஃபிசிட்'. நிதிநிலை அறிக்கையில் நாம் காணும் நிதிப் பற்றாக்குறை அதுவே. 'பற்றாக்குறை' என்னும் தமிழ்ச் சொல் பொருத்தமாக அமர்வது இந்த ஓரிடத்தில்தான்.

'டெஃபிஷியன்சி' உடம்போடும் தரத்தோடும் தொடர்புடையது. நல்ல தமிழில் குறைபாடு. வயிறு நிறைந்திருக்கலாம், ஆனாலும் குறைபாடு இருக்கலாம். இதை உலகம் உணர்ந்துகொண்ட வரலாறு சோறு உண்ணும் நமக்கு மிகவும் நெருக்கமானது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் 'பெரிபெரி' நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால்கள் மரத்து, நடை தளர்ந்து, இதயம் பலவீனமடைந்து உயிரைப் பறிக்கும் நோய் அது. பலவீனத்தைக் குறிக்கும் சிங்களச் சொல் இரட்டித்து நோய்க்குப் பெயரானது என்பர். அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே போன்ற நோய் கண்டது. பிறகு திடீரெனத் தாமாகவே குணமாயின. காரணம் என்ன? இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோற்றைக் கோழிகள் தின்றுகொண்டிருந்தன. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோற்றை வெளிக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். கோழிகள் மீண்டும் தவிடு நீங்காத அரிசிக்கு மாறின, பிழைத்துக்கொண்டன! தவிட்டில் இருந்த சத்துத்தான் இன்று நாம் 'வைட்டமின் பி1' என்று அழைப்பது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

மலாயாவில் நம்மவர்களைக் கொண்டே இதற்குச் சான்று கிடைத்தது. அங்கே தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடையே அது அரிதாகவே காணப்பட்டது. பிராட்டன் என்ற மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நம் பாட்டிமார் நெல் அவித்த அடுப்பு ஓர் உயிர்காக்கும் மருந்தகமாகவும் இருந்திருக்கிறது!

'ஷார்ட்டேஜ்' என்றால் மூட்டைகளைக் கூட்டினால் தீரும். 'டெஃபிஷியன்சி' என்றால் மூட்டைகள் எத்தனை வந்தாலும் தீராது; விடுபட்ட அந்த ஒன்றைச் சேர்த்தால்தான் தீரும். சோகை பிடித்த பெண்ணுக்கு இன்னும் இரண்டு கரண்டிச் சோறு வைப்பது தீர்வன்று. அவளுக்குத் தேவை இரும்புச்சத்து.

ஆசையா, இல்லாமையா?

'வான்ட்' என்றால் என்னவென்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் 'வேண்டும்' என்று சொல்லும். ஆனால் அச்சொல்லின் பழைய பொருள் இல்லாமை. வட ஐரோப்பியரின் பழைய நார்ஸ் மொழியில் 'குறைவாயிரு' என்னும் பொருளில் வழங்கி, ஆங்கிலத்துக்கு வந்தது. இல்லாதவன் விரும்புவான் அல்லவா? காலப்போக்கில் இல்லாமையைக் குறித்த சொல் விருப்பத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. செய்தித்தாள் விளம்பரங்களில் 'வான்டட்' என்பதைத் 'தேவை' என்று தமிழாக்கியவர் இந்தப் பழைய பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

1941 ஜனவரி 6 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தம் நாடாளுமன்றத்தில் நான்கு சுதந்திரங்களைப் பற்றிப் பேசினார். அவற்றுள் ஒன்று 'ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்'. இதை 'ஆசையிலிருந்து விடுதலை' என்று மொழிபெயர்த்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படியாயின் அது துறவியின் உபதேசமாகிவிடும்! அவர் சொன்னது இல்லாமையிலிருந்து விடுதலை. 1942இல் பிரிட்டனில் சமூகப் பாதுகாப்புத் திட்டம் வகுத்த பெவரிட்ஜ் என்பவரும், ஒழிக்கப்பட வேண்டிய ஐந்து அரக்கர்களுள் ஒன்றாக 'வான்ட்' என்பதையே குறிப்பிட்டார்.

இல்லாமையின் எல்லையில் நிற்கும் சொல் 'டெஸ்டிட்யூட்'. பரம ஏழை என்று பொருள் கொள்கிறோம். ஆனால் இலத்தீன் மூலத்தில் அதன் பொருள் 'கைவிடப்பட்டவர்'. அரசு உதவித்தொகைத் திட்டத்தில் 'டெஸ்டிட்யூட் விடோ' என்றிருப்பதை 'ஆதரவற்ற விதவை' என்று மொழிபெயர்த்த பெயர் தெரியாத அந்த அலுவலரைப் பாராட்ட வேண்டும். அவர் பணத்தை எண்ணவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாததை எண்ணினார்.

நம் மதரஸாப் பிள்ளைகள் நன்கறிந்த இரு அரபுச் சொற்களும் ஐரோப்பாவுக்குப் பயணம் சென்றிருக்கின்றன. ஜகாத் பெறத் தகுதியுடையோரில் முதலில் வைத்து எண்ணப்படும் ஃபகீர், மிஸ்கீன் என்பவைதாம் அவை. ஃபகீர் ஆங்கிலத்துக்குச் சென்று, துறவியையும் வித்தை காட்டித் திரிபவரையும் குறிக்கும் சொல்லாயிற்று. மிஸ்கீன் இத்தாலி வழியாக பிரெஞ்சு மொழிக்குச் சென்று 'மெஸ்கன்' என்றாகி, அற்பன், கஞ்சன் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. முன்னே கண்ட 'ஸ்கேர்ஸ்' என்னும் சொல்லும் பழைய பிரெஞ்சில் கஞ்சத்தனத்தைக் குறித்ததுண்டு. இல்லாதவனுடைய பெயரையும் கொடாதவனுடைய பெயரையும் மனிதர்கள் எவ்வளவு எளிதாகக் கலந்துவிடுகிறார்கள்! வறியவனிடமே குற்றம் காணும் மனப்போக்கு மொழியிலும் தன் தடத்தைப் பதித்திருக்கிறது.

அருமையும் விலையும்

அந்த மாணவி அடிக்கோடிட்டவற்றுள் 'டெர்த்' என்பதே எனக்கு மிகவும் பிடித்த சொல். கடிதத்தின் தொடக்கத்தில் 'டியர்' என்று எழுதுகிறோமே, அதிலிருந்து பிறந்தது இது. 'டியர்' என்றால் அன்புக்குரிய. அதே சொல்லுக்கு விலை மிகுந்த என்றும் பொருள். ஆகவே 'டெர்த்' என்றால் முதலில் விலை ஏறிய நிலை; பிறகு அதனால் வந்த உணவுப் பஞ்சம்; இன்று எந்தவொன்றின் குறைவும்.

தமிழில் இதற்கு இணை உண்டா? அழகான இணை உண்டு. 'அருமை' என்னும் நம் சொல்லை நினைத்துப் பாருங்கள். அரிதாக இருப்பதும் அருமை. மேலாக இருப்பதும் அருமை. "அருமை மகனே" என்று கடிதம் எழுதும்போது அன்பும் அருமை. ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலுள்ள இரு மொழிகள், எளிதில் கிடைக்காததும் விலை மிக்கதும் அன்புக்குரியதும் ஒன்றே எனக் கண்டிருக்கின்றன.

'டெர்த்' சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. பஞ்சம் என்பது களஞ்சியம் காலியாகும்போது மட்டும் வருவதன்று; விலை கைக்கு எட்டாமல் போகும்போதும் வரும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து அரசு இதனை நன்றாகவே அறிந்திருந்தது. 'டெர்த்' ஏற்பட்ட ஆண்டுகளில், களஞ்சியங்களைச் சோதித்து, பதுக்கிய தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவரச் செய்யுமாறு நீதிபதிகளுக்கு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன.

எதற்குப் போதவில்லை?

'சஃபிஷியன்ட்' என்றால் போதுமானது. 'இன்சஃபிஷியன்ட்' என்றால் போதாதது. இச்சொல் வந்தால் 'எதற்கு?' என்ற கேள்வி உடன் வந்தாக வேண்டும். நூறு ரூபாய் தேநீர் குடிக்கப் போதும்; திருமணத்துக்குப் போதாது.

வியாபாரம் செய்யும் நம் குடும்பங்களுக்கு இச்சொல் புதிதன்று. காசோலை திரும்பி வரும்போது வங்கிச் சீட்டில் 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்றிருக்கும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 138ஆம் பிரிவு இதனைக் குற்றமாக்கியது. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் பணம் பெற வேண்டியவர் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் காசோலை கொடுத்தவர் பணத்தைச் செலுத்திவிட்டால் குற்றமில்லை. தவறினால் இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரு சொல்லுக்கு இத்தனை வலிமை!

இதைவிடக் கொடிய வலிமையை இச்சொல் நம் மண்ணிலேயே காட்டியிருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்றனர். 1877 ஜனவரியில், செலவைக் குறைக்கும் பொருட்டு வைசிராய் லிட்டனின் அரசு சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை அனுப்பியது. நிவாரண வேலை செய்யும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியத்துக்கான கூலியும் கூடுதலாகச் சிறு காசும் போதும் என்று அவர் கணக்கிட்டார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் சுமந்து, கல் உடைக்கும் உடம்புக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனுடன் பருப்பு, காய்கறி போன்றவையும் வேண்டும் என்று வாதாடினார்.

இருவரும் ஆங்கிலேயர், இருவரும் 'சஃபிஷியன்ட்' என்ற ஒரே சொல்லையொட்டித்தான் வாதாடினர். எதற்குப் போதும் என்பதில்தான் வேறுபட்டனர். டெம்பிள், உயிர் உடம்பில் ஒட்டியிருக்கப் போதுமா என்று பார்த்தார். கார்னிஷ், வேலை செய்து பிழைத்திருக்கப் போதுமா என்று கேட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள், ஏற்கெனவே நலிந்திருந்த எத்தனையோ உடல்கள் சாய்ந்துவிட்டன. அன்றைய நிவாரண வேலையாட்கள் வெட்டிய பகுதிகளைக் கொண்ட பக்கிங்காம் கால்வாய் இன்றும் சென்னையின் ஊடே ஓடுகிறது.

சட்டப் புத்தகத்தில் பஞ்சம்

அப்பஞ்சத்துக்குப் பின் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதையொட்டி மாகாணங்கள்தோறும் பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் உருவாயின. அவற்றில் 'ஸ்கேர்சிட்டி' ஒரு படி. 'ஃபேமின்' அதனினும் கடுமையான படி. எந்தச் சொல் அறிவிக்கப்படுகிறதோ அதற்கேற்ப அரசின் கடமையும் கூடும். 'ஃபேமின்' என்பது பசியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. 'ஸ்டார்வ்' என்பதோ பழைய ஆங்கிலத்தில் 'சாவது' என்றே பொருள்பட்டது. இச்சொற்களை அதிகாரிகள் எளிதில் வாயில் எடுப்பதில்லை. ஏன்? எடுத்தால் கடமையும் வந்து சேரும்!

1943இல் வங்காளத்தில் நடந்தது அதுதான். கல்கத்தா வீதிகளில் மனிதர்கள் மடிந்துகொண்டிருந்தபோதும், விதித்தொகுப்பின்படி அங்கே பஞ்சம் என்று அறிவிக்கப்படவே இல்லை. 1943 ஆகஸ்ட் 22 அன்று 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் வெளியிட்ட புகைப்படங்கள், அறிவிக்கப்படாத சொல்லை உலகத்தின் கண்முன் வைத்தன. 15 இலட்சம் பேர் இறந்ததாக அரசின் விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. 30 இலட்சம் வரை என்பது பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அந்தக் கொடுமையைச் சிறுவனாகக் கண்ணால் கண்டவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென். 1981இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு கணக்கை வைத்தார். 1943இல் வங்காளத்தில் இருந்த அரிசி, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941ஐவிட அதிகம்! இக்கணக்கை மறுப்போரும் உண்டு. ஆனால் விலையை எவரும் மறுக்க முடியாது. 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசி, அடுத்த ஆகஸ்டில் 37 ரூபாயைத் தொட்டது. விவசாயக் கூலிகள், மீனவர்கள், நெல் குத்தும் பெண்கள் ஆகியோரின் வருவாய் அவ்வாறு ஏறவில்லை. உணவு இல்லாமல் போனது வேறு, சிலருக்கு உணவு கிட்டாமல் போனது வேறு என்பதே சென் வலியுறுத்திய செய்தி. 'ஷார்ட்டேஜ்' என்று நினைத்து மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், 'டெர்த்' வந்து வாசலில் நின்றதைக் காணவில்லை.

சுதந்திர இந்தியாவிலும் இச்சொல்லுக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1963இல் மகாராஷ்டிர மாநிலம், தன் சட்டங்களிலிருந்து 'ஃபேமின்' என்னும் சொல்லை நீக்குவதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அதன் இடத்தில் 'ஸ்கேர்சிட்டி' அமர்ந்தது. அரசு விழிப்புடன் இருப்பதால் இனிப் பஞ்சம் தோன்ற இடமே இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். சொல்லை நீக்கினால் பசி நீங்குமா? 1972-73இல் அங்கே கடும் வறட்சி வந்தது. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லியாக வேண்டும். அரசு நிவாரண வேலைகளைப் பெருமளவில் திறந்தது. உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் வேலை பெற்றனர். பெரும் சாவு தவிர்க்கப்பட்டது. அந்த அனுபவத்தில் வளர்ந்த வேலை உறுதித் திட்டமே, 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு முன்னோடி. காப்பாற்றியது மாற்றி எழுதிய சொல் அன்று. கையில் கொடுத்த கூலி.

இன்று உலக அளவில் பஞ்சத்தை அறிவிக்கத் திட்டவட்டமான அளவுகோல் உண்டு. உணவு நெருக்கடியை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, ஐந்தாவதைத்தான் 'ஃபேமின்' என்கிறார்கள். ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே அற்ற நிலை, குழந்தைகளில் 30 விழுக்காட்டினருக்குக் கடும் ஊட்டக்குறைவு, பத்தாயிரம் பேரில் நாளுக்கு இருவர் மரணம் என்பன அதன் அடையாளங்கள். 2011 ஜூலையில் சோமாலியாவிலும், 2017இல் தெற்கு சூடானிலும், 2024இல் சூடானின் ஸம்ஸம் முகாமிலும், 2025 ஆகஸ்டில் காஸா நகரை உள்ளடக்கிய பகுதியிலும் இந்தக் கட்டம் உறுதி செய்யப்பட்டது. அளவுகோல் துல்லியமானதுதான். ஆயினும் அது சாவையும் ஓர் அடையாளமாக எண்ணுவதால், 'ஃபேமின்' என்னும் சொல் வாசிக்கப்படும்போது கபர்கள் ஏற்கெனவே தோண்டப்பட்டிருக்கின்றன. சோமாலியப் பஞ்சத்தில் இறந்த இரண்டரை இலட்சம் பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆதலால் உதவி, சொல்லுக்காகக் காத்திருக்கலாகாது.

ஏழாவது சொல்

இனி அந்த மாணவியின் தேர்ச்சி அட்டைக்குத் திரும்புவோம். 'இன்னடிக்வெட்' என்பதன் வேர் இலத்தீனில் 'சமமாக்கப்பட்டது' என்னும் பொருளுடையது. அதாவது, தேவையின் அளவுக்கு இன்னும் ஈடாகவில்லை என்பதே இச்சொல் சொல்லும் செய்தி. ஈடாகாத ஒன்றை ஈடாக்க முடியும். மேலும், ஆசிரியை அச்சொல்லை எதனோடு சேர்த்திருந்தார்? பிள்ளையோடு அன்று, 'பிரிபரேஷன்' என்னும் சொல்லோடு. தேர்வுக்குச் செய்த தயாரிப்புப் போதவில்லை என்பதே அவர் எழுதியது.

மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்கு வந்த அவளுடைய அத்தாவிடம் இதைச் சொன்னேன். "பாய், உங்கள் மகளுக்குத் தகுதி போதாது என்று டீச்சர் எழுதவில்லை. அவள் படித்த நேரம் போதாது என்றுதான் எழுதியிருக்கிறார். நேரத்தைக் கூட்டலாமே!" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "மாலையில் அவளைக் கடை வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்வது நான்தான் ஹஜ்ரத்" என்றார்.

போதாமை எங்கே இருந்தது என்பதை அவரே கண்டுகொண்டார்! பிள்ளையிடம் இருப்பதாக எண்ணிய குறை, வீட்டின் கால அட்டவணையில் இருந்தது.

அன்பு வாசகர்களே! அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது முதல் பொருளோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த வரியையும் எடுத்துக்காட்டையும் படியுங்கள். அச்சொல் எதனோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியம், நம் வீட்டில் யாரைப் பற்றியேனும் "போதாது" என்று சொல்ல வாயெடுக்கும்போது ஒரு நொடி நின்று கேட்டுக்கொள்ளுங்கள்: எது போதாது? எதற்குப் போதாது? யாரால் போதாமல் போயிற்று?

அந்த மாணவி இப்போது மாலையில் கடைக்குப் போவதில்லை. ஆறு சொற்களையும் வைத்து ஆறு வாக்கியங்கள் எழுதிக்கொண்டு வந்தாள். ஐந்து சரி; 'டெர்த்' மட்டும் பிழை. திருத்திக் கொடுத்திருக்கிறேன்.